உடும்புக்கு வைத்த முட்டை

திருவாதிரைக் களி தின்ற கை காய்வதற்குள் நல்லமுத்து ஒரு யூரியா சாக்கோடு வந்து நின்றான். சாக்கு தானாக அசைந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த திரௌபதி முறத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அண்ணி. வாயையும் காலையும் கட்டித்தான் வச்சிருக்கன். உடும்பு. அண்ணனுக்கு."

நல்லமுத்து அவள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். பெண்ணாடம் பக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவன். வரப்பில் ஓடியதை மடக்கிப் பிடித்து, பஸ்ஸில் காலடியில் போட்டுக்கொண்டு, கண்டக்டர் கேட்டதற்குச் சேனைக்கிழங்கு என்று சொல்லி விருத்தாசலம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். உடும்பு வைத்திருந்தால் ஜெயில் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்தான். அண்ணன்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ராஜமாணிக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேசிவிட்டால் அப்புறம் மூச்சுக்கு எங்கே போவது?

ராஜமாணிக்கம் மீசை அரும்பின வயதில் பீங்கான் கம்பெனியில் சேர்ந்தவர். வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற உருளையில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் நடந்து வருகிறது என்று கல்யாணமான புதிதில் திரௌபதி கேலி பண்ணுவாள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தக் கையால் அவள் கன்னத்தில் பூசுவார். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மாவுதான் உள்ளே போய்ப் படிந்து நெஞ்சுக்கூட்டை அடைத்துவிட்டது. புதுச்சேரியில் காட்டியபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இதற்கு மருந்து இல்லையம்மா, உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தினம் ரெண்டு முட்டையாவது உள்ளே போகட்டும் என்றார். அவ்வளவு பேச்சில் திரௌபதி பிடித்துக்கொண்டது முட்டை ஒன்றைத்தான்.

அவளும் பீங்கான் வேலைக்காரிதான். டீ கப்புக்குக் காது ஒட்டுகிற வேலை. ஈர மண்ணில் செய்த கப்பைக் கையில் ஏந்தி, வளைந்த காதைக் கூழ்மண் தொட்டு ஒட்டி, விரலால் வழித்துவிட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கப்பு கோணிக்கொள்ளும். அழுத்தாவிட்டால் சூளையில் காது கழன்று விழும். பெற்ற ஒரே மகளை மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு இந்த வேலையும் இந்த மனுஷனும்தான் அவளுக்கு உலகம். இதில் ஒன்று கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பெண்ணிடம் யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் சாக்கை அவிழ்த்துப் பார்க்கத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

நல்லமுத்து சாக்கைத் திண்டு மாதிரி சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னான்.

"கரும்புக் கொல்லையில கெடக்குறப்ப அது எதைத்தான் திங்காது அண்ணி? நண்டு, நத்தை, தேளு, தவளை, எலி, பாம்பு முட்டை. வாய்க்கால்ல செத்து ஊதிக் கெடக்குற நாயைக்கூட வுடாது. பொணம் பொதச்ச எடத்தத் தோண்டும்னும் சொல்லுவாங்க. அதெல்லாம் வயித்துல இருக்கறப்ப அறுத்தா மருந்து வெசமாப் பூடும்."

"பின்ன என்னாதான் பண்றது?"

"வயிறு கழியணும். தை அமாவாசை வரைக்கும் கட்டிப்போட்டு முட்டை மட்டும் குடுங்க. வேற எதுவும் காட்டாதீங்க. அமாவாசைக்கு மறுநா நான் வந்து அறுத்துத் தரன். ரத்தத்தச் சூடு ஆறாம குடிச்சிட்டு, கறியையும் தின்னாருன்னா அண்ணன் எந்திரிச்சி சைக்கிள் மிதிப்பாரு, பாருங்க."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. ராஜமாணிக்கம் சிரித்தார். பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அது பாதியிலேயே இருமலாகிவிட்டது என்றாலும் திரௌபதிக்கு அது போதும். உடும்பு தங்கிவிட்டது.

எங்கே வைப்பது? வீடு ஒற்றை அறை. அக்கம்பக்கத்துச் சுவரெல்லாம் பொதுச் சுவர். பின்னால் உடைசல் மேடு. கோணிப்போனது, விரிசல் விட்டது, மெருகு கருகியது என்று கம்பெனிக்காரர்கள் காலங்காலமாகக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட பீங்கான் குப்பை. வெயிலில் அந்தப் பக்கம் பார்த்தாலே கண் கூசும். அங்கே மறைக்கவும் இடமில்லை. திரௌபதிக்கு ராஜமாணிக்கம் வேலை பார்த்த பழைய கம்பெனி ஞாபகம் வந்தது. மூடிக் கிடந்தது. வாட்ச்மேன் காத்தவராயன் அவளுக்கு அண்ணன் முறை. கம்பெனிக்குப் பின்கட்டில், கேஸ் சூளை வருவதற்கு முன்னால் எரித்த பெரிய செங்கல் சூளை ஒன்று, ஆள் குனிந்து போகிற வாசலோடு அப்படியே நின்றது. சூளை என்றால் சூடு. அந்த ஊரில் மண் வேலை பார்க்கிற யாருக்கும் நினைப்பு அப்படித்தான் ஓடும். கதகதப்பாகக் கிடக்கும், யார் கண்ணிலும் படாது என்று அவளும் கணக்குப் போட்டாள்.

"ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி" என்றார் காத்தவராயன். "நான் பாக்கவே இல்ல."

"நீங்க பாக்காதீங்கண்ணே. அது போதும்."

இடுப்பில் கயிறு கட்டிச் சூளைக்குள் ஓர் இரும்புக் கம்பியில் முடிந்துவிட்டு, காலையும் வாயையும் அவிழ்த்தாள். ஒரு முழ நீளம். மண் நிறம். அவிழ்த்ததும் பாய்ந்து சூளையின் கடைசி மூலைக்குப் போய், முகத்தைச் செங்கல்லுக்குள் நுழைத்துக்கொண்டு கிடந்தது. முன்னால் ஒரு தட்டில் ரெண்டு முட்டையை வைத்துவிட்டு வாசலைத் தகரத்தால் மூடிக் கல் வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். முட்டை வைத்த இடத்தில் வைத்த மாதிரியே இருந்தது. சாயங்காலமும் அப்படியே. உடும்பு தலையைக்கூடத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்தால், காலையில் அவள் அவித்து வைத்துவிட்டுப் போன முட்டையும் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அவள் என்ன சொல்ல வாயெடுத்தாளோ, அதற்குள் ராஜமாணிக்கம் கேட்டார்.

"தின்னுச்சா?"

அந்தக் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தாள். உண்மை சொல்ல மனம் வரவில்லை. "தின்னுச்சிங்க. ரெண்டையும் தின்னுட்டு இன்னும் இருக்குதான்னு பாக்குது. நீங்கதான் திங்க மாட்டன்றீங்க."

"அப்பிடியா? நாளைக்கு நானும் திங்கறன், போ."

மறுநாள் சாயங்காலம் கிண்ணம் காலியாக இருந்தது. முட்டையின் ஓட்டை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டதாகச் சொன்னார். திரௌபதி காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. சரி, இந்த மனுஷன் சாப்பிட வேண்டுமென்றால் உடும்பு சாப்பிட வேண்டும். உடும்பு சாப்பிடாவிட்டாலும் அவள் சொல்லும்போதாவது சாப்பிடட்டும்.

அன்றிலிருந்து அது ஒரு நடைமுறையாகிவிட்டது. காலையில் ரெண்டு முட்டையை அவித்துக் கட்டில் தலைமாட்டில் வைப்பாள். ரெண்டு பச்சை முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு சூளைக்குப் போவாள். சாயங்காலம் திரும்பினால் இங்கே கிண்ணம் காலி. அங்கே தட்டு நிறைய. "தின்னுச்சா?" என்பார். "தின்னுச்சிங்க" என்பாள். பொய் ஒன்று சொன்னால் அதற்குக் கைகால் ஒட்டவும் வேண்டியிருந்தது. கப்புக்குக் காது ஒட்டுகிறவளுக்கு அதுவா கஷ்டம்? இன்றைக்கு முட்டையைக் காலால் உருட்டி விளையாடியது என்பாள். உடைத்து நக்கியது என்பாள்.

"உடைக்காது" என்றார் ராஜமாணிக்கம் ஒருநாள். மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மொதல்ல நாக்க நீட்டி மோந்து பாக்கும். அப்புறம் வாயில கவ்விட்டுத் தலைய மேல தூக்கும். முழுசா உள்ள போயிடும். போனதும் ரெண்டு கன்னத்தையும் கல்லுல தேய்ச்சி தொடச்சிக்கும். நம்ம ஆளுங்க கை கழுவுற மாதிரி."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சின்னப் புள்ளையில கரும்புக் கொல்லையில பாத்ததுதான்." அப்புறம் கேட்டார், "அதுக்கு வெயில் படுதா? வெயில் காய்ஞ்சாத்தான் அதுக்குப் பசியே எடுக்கும். காய்ஞ்சிட்டுதான் எரை தேடும்."

"நல்லா படுதுங்க" என்றாள்.

சொன்னாளே தவிர மறுநாள் சூளைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது கை சில்லிட்டது. மார்கழிப் பனி, அதற்கு முன் பெய்த மழை, எல்லாவற்றையும் அந்தச் செங்கல் உறிஞ்சி வைத்திருந்தது. தீ மூட்டி எத்தனை காலமோ ஆன சூளையில் ஏது சூடு? வெளியே கொண்டுபோய்க் கட்டினால் வெயில் கிடைக்கும், அதோடு பார்த்தவன் எவனாவது வனத்துறைக்குப் போன் போட்டால் ஜெயிலும் கிடைக்கும். அவள் ஜெயிலுக்குப் போனால் அவருக்கு யார் முட்டை அவிப்பது? உடும்பு சூளைக்குள்ளேயே கிடந்தது.

முட்டைதான் பிடிக்கவில்லையோ என்று நல்லமுத்து சொன்னதை மீறிப் பார்த்தாள். கறிக்கடையில் கோழிக்குடல் வாங்கிப் போட்டாள். ஈரலை நறுக்கிப் போட்டாள். காத்தவராயனே ஒரு எலியை வாலைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எதையும் தொடவில்லை. எறும்புதான் மொய்த்தது. வாய்க்காலில் செத்த நாயைக்கூட விடாத ஜீவன், இங்கே ராஜா மாதிரி பரிமாறியும் வாயைத் திறக்கவில்லை. திரௌபதிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் புருஷன் உயிர் உன் வயிற்றில் இருக்கிறது, உனக்கு என்ன இவ்வளவு திமிர் என்று அதைத் திட்டினாள். திட்டிவிட்டுக் கழுத்தைக் காலால் அமுக்கி, கரண்டிக் காம்பால் வாயை நெம்பி, அடித்துக் கலக்கிய முட்டையை உள்ளே ஊற்றினாள். அது அவள் முழங்கையைக் கீறிக் கிழித்தது. அவள் விடவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் ஊற்றியது அத்தனையும் தரையில் கிடந்தது. சூளை முழுக்க அழுகல் வாடை. குளிரில் செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போய்விட்டது. அதற்கு அடுத்த நாளும் ஊற்றினாள். போகியன்று காலையில் ஊரெல்லாம் பழைய பாயையும் துடைப்பத்தையும் தெருவில் போட்டு எரித்துக்கொண்டிருந்தபோது அவள் தகரத்தை விலக்கினாள். உடும்பு அதே மூலையில், செங்கல்லுக்குள் முகத்தை நுழைத்தபடியே விறைத்துக் கிடந்தது.

அவள் அழவில்லை. பயந்தாள். உடும்பு செத்ததற்கு இல்லை. சாயங்காலம் அவர் கேட்பாரே, அதற்கு. பின்கட்டில் கொட்டிக் கிடந்த பழைய களிமண்ணைக் கிளறிப் புதைத்தாள். அப்புறம் நல்லமுத்துக்குப் போன் போட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றாள். "அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. அது இருக்குதுன்ற நெனப்புலதான் அவரு சாப்புடுறாரு."

"நம்ம நேரம் அண்ணி" என்றான் நல்லமுத்து.

சாயங்காலம் ராஜமாணிக்கம் கேட்டார். "தின்னுச்சா?"

"தின்னுச்சிங்க" என்றாள் திரௌபதி. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். காலி.

ஆனால் ஒன்று அவளுக்குப் புரியவே இல்லை. முட்டை போகிறது. உடம்பு தேறவில்லை. பொங்கலன்று அவரைக் குளிப்பாட்டித் துவட்டும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் அவள் விரலில் தட்டுப்பட்டது. தோள்பட்டைக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. தினம் ரெண்டு முட்டை தின்கிற உடம்பா இது? முட்டைக்காரன் பழசைத் தருகிறானோ என்று கடையை மாற்றினாள். அப்புறம் நாட்டுக்கோழி முட்டை தேடி மங்கலம்பேட்டை மகள் வீடு வரை போய் வாங்கி வந்தாள். செத்துப்போனதை உயிரோடு இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறோமே, அந்தப் பாவம்தான் உடம்பில் ஒட்டவிடாமல் செய்கிறதோ என்றுகூட நினைத்தாள். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பழமலைநாதா, பொய் சொன்னது நான், என்னைக் கேள், அவரை விடு என்றாள்.

அமாவாசை நெருங்கிய ஒரு மத்தியானம், அன்றைக்கு வேலை இல்லாமல் அவள் வீட்டில் இருந்தாள். ராஜமாணிக்கம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் முட்டையை உரித்து ஊட்ட வந்தபோது தலையை ஆட்டினார்.

"கிண்ணத்துலயே வையி. அப்புறமாத் திங்கறன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "திரௌபதி. அத வுட்டுடு புள்ள" என்றார்.

"எதைங்க?"

"உடும்ப. கட்டிப்போட்டா அது திங்காது. நீ என்னா செஞ்சாலும் திங்காது."

"அதான் திங்குதுன்னு தெனம் சொல்றனே."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் அவள் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த கீறலைத் தடவினார். "ஆமா. திங்குது, திங்குது" என்றார்.

தை அமாவாசைக்கு மறுநாள் அவள் ஒரு நாட்டுக்கோழி வாங்கி, எலும்பெல்லாம் நீக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். நல்லமுத்து ஆலையில் மாட்டிக்கொண்டதால் காத்தவராயனை வைத்து உடும்பை அறுத்ததாகவும், ரத்தம் பிடிக்கத் தெரியாமல் கொட்டிவிட்டதாகவும் சொன்னாள். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் அதை மெல்லவே வெகுநேரம் ஆனது. விழுங்கும்போது மூச்சு நின்று, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. ஒரே ஒரு துண்டு உள்ளே போவதற்கு அந்த உடம்பு பட்ட பாட்டை அன்றைக்குத்தான் அவள் கிட்டே இருந்து பார்த்தாள். தினம் வேலைக்கு ஓடுகிறவளுக்கு எங்கே பார்க்க வாய்த்தது?

"போதுங்க. வுட்டுடுங்க" என்றாள்.

"நல்லாருக்கு" என்றார் ராஜமாணிக்கம். "நல்லா முட்ட தின்னு வளந்த உடும்பு."

அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். விடிந்து அவள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தூக்கியவர்கள் கனமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதில் விழுந்தது. டாக்டர் சொன்ன முட்டையையும் கொடுத்து, சொல்லக் கூடாத பொய்யையும் சொல்லி, கனமே இல்லாமல்தான் அனுப்பிவைத்திருக்கிறாள். அதைவிட அவளுக்கு வேறு சாபம் வேண்டாம்.

காரியம் முடிந்த மறுநாள் கறிச்சோறு படைத்தார்கள். மகள் இலையில் அவித்த முட்டை ரெண்டு வைத்தாள். அப்பா கடைசியில் அதைத்தானே விரும்பிச் சாப்பிட்டார் என்றாள். படையல் எடுத்து, வந்தவர்கள் உண்டு முடித்து, வாசலில் பந்தல் நிழலில் நல்லமுத்தும் மற்றவர்களும் சாய்ந்துகொண்டார்கள். உச்சிப் பொழுது. திரௌபதி இலையில் மிஞ்சிய முட்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில், அவர் படுத்திருந்த இடத்தில், உட்கார்ந்தாள்.

வெளியே சுவரில் ஏதோ பிராண்டியது. எழுந்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே ஓர் உடும்பு நின்றது. உடைசல் மேட்டில் வெயில் காய்ந்துவிட்டு வந்திருக்க வேண்டும், முதுகெல்லாம் தூசியும் சூடுமாக இருந்தது. சூளையில் கிடந்ததைப் போல ரெண்டு மடங்கு. வால் அடிப்பக்கம் கொழுத்து உருண்டிருந்தது. அவளைப் பார்த்து ஓடவில்லை. தலையைத் தூக்கி ஜன்னலையே பார்த்துக்கொண்டு, பழகிய வீட்டு வாசலில் சோற்றுக்கு நிற்கிற மாதிரி நின்றது.

திரௌபதி கிண்ணத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே விட்டாள். அது நாக்கை நீட்டி முகர்ந்தது. வாயில் கவ்வித் தலையை மேலே தூக்கியது. முட்டை முழுசாக உள்ளே போனது. போனதும் ரெண்டு கன்னத்தையும் ஓர் உடைந்த பீங்கான் சில்லில் மாற்றி மாற்றித் தேய்த்துத் துடைத்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூட மாறவில்லை. கரும்புக் கொல்லையில் பார்த்ததாம். சின்னப் பிள்ளையில்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "பாவி மனுசா, ஒண்ணுகூடவா உள்ள போவல?" என்று வாய்க்குள்ளேயே முனகினாள். விழுங்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கஞ்சியாவது கரைத்து ஊற்றியிருப்பாளே. கிண்ணம் காலியானதைப் பார்த்து அவள் முகம் மலர்கிறதே, அதற்காகத்தான் அவர் சொல்லவில்லை. அவள் சொன்ன பொய் அத்தனையும் பொய் என்று தெரிந்துதான் தினமும் கேட்டிருக்கிறார்.

"என்னா அண்ணி, பின்னால ஏதோ சத்தம்?" வாசலில் இருந்து நல்லமுத்து கேட்டான். சுருக்குக் கயிறு எப்போதும் அவன் மடியில் இருக்கும்.

திரௌபதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்னொரு முட்டையையும் எடுத்து வெளியே விட்டுவிட்டு, ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. பூனை."